கை கால் நின்ற நேரம்

எங்கள் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கல்லூரிப் பிள்ளைகளோ, கோட்டுப் போட்ட பெரிய மனிதர்களோ, கேள்வி மாறாது. நான் கண்ணாடித் தட்டைக் காட்டி, இது எலிக்குட்டியின் மூளையிலிருந்து சீவி எடுத்த துண்டு, இதற்கு இப்போது வலிப்பு வந்துகொண்டிருக்கிறது என்று சொல்வேன். அவர்கள் குனிந்து பார்ப்பார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்ப்பார்கள். பிறகு, அசையவே இல்லையே மேடம் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அசைவதற்கு அதற்குக் கை இருக்கிறதா, கால் இருக்கிறதா? சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னத் துண்டு அது.

தட்டைப் பார்க்காதீர்கள், திரையைப் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப் போயிருக்கிறது. ஊசிமுனை மாதிரி ஒரு எலெக்ட்ரோடு அந்தத் துண்டைத் தொட்டுக்கொண்டு, உள்ளே ஓடுகிற மின்சாரத்தைத் திரையில் கோடாகக் காட்டும். துண்டு நனைந்திருக்கிற திரவத்தில் மெக்னீசியம் இருக்கிறவரை கோடு அமைதியாக ஓடும். மெக்னீசியம் இல்லாத திரவத்தை மாற்றி விட்டால் போதும், கொஞ்ச நேரத்தில் செல்கள் ஒன்றையொன்று கிளப்பிவிட ஆரம்பித்துவிடும். திரையில் கோடு மேலும் கீழும் பாய்ந்து கறுப்பாக அடைத்துக்கொள்ளும். அது நிற்காமல் நீண்டால் உள்ளே செல்கள் சாகத் தொடங்கும். தட்டில் இருப்பதோ தேங்காய்ப் பத்தை மாதிரி வெளுப்பாக, சும்மா கிடக்கும். அசையாமல் கிடப்பதனால் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள் என்று ஒரு நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். என் வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

வீடு கொருக்குப்பேட்டையில், ரயில் பாதையை ஒட்டி. அம்மா, அண்ணன், நான். அப்பா நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்கு முன்பே போய்விட்டார். அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கப் போவாள். அண்ணன் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் ஒரு எடை மேடையில் வேலை பார்த்தான். நான் இரண்டு பஸ் மாறி, நகரத்தின் மறுகோடியில் இருந்த ஆய்வுக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் எலி மூளையை அறுக்கப் படித்தவள் நான் ஒருத்திதான். எலியைப் பிடிக்கிற கூண்டு இங்கேயே விற்கிறதே, இதற்கு ஏன் அவ்வளவு தூரம் போகிறாய் என்று கேலி செய்யாதவர்கள் கிடையாது.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடை மேடையில் லாரி முதலில் காலியாக ஏறும், பிறகு இரும்பு ஏற்றிக்கொண்டு வந்து மறுபடியும் ஏறும். இரண்டுக்கும் வித்தியாசம்தான் சரக்கின் எடை. அண்ணனுக்குக் காலி வண்டி எடையெல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. நம்பர் பலகையின் கடைசி நாலு எண்ணைச் சொன்னால் போதும், வண்டி என்ன நிறம், எவ்வளவு எடை, எந்தப் பக்கத்து விளக்கு உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். டிரைவர்கள் டீ குடிக்கும்போது அவனைச் சீண்டுவதே ஒரு விளையாட்டு. மாமு, நம்ம வண்டி சொல்லு என்பார்கள். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்வான். ஏற்றிப் பார்த்தால் பத்து கிலோகூட முன்னே பின்னே இருக்காது. எடை மேடைக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலாளி அவனை விடவில்லை. கரண்ட் போனால் அவன்தான் கம்ப்யூட்டர். நான் இத்தனை படித்தும் எனக்கு அந்த மாதிரி ஒரு தலை வாய்க்கவில்லை என்று எனக்குப் பொறாமைகூட உண்டு.

முதல் வலிப்பு அவனுக்கு இருபத்தி நாலு வயதில், அந்த எடை மேடை மேலேயே வந்தது. வலிப்பு என்றால் கையில் இரும்பைக் கொடு என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். சாத்தாங்காட்டில் இரும்புக்கா பஞ்சம்? ஆளாளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். கம்பி, போல்ட்டு, ஒரு முழ நீளத்துக்கு ஆங்கிள் துண்டு. அதைப் பிடித்துக்கொண்டு ஆடியதில் அவன் தாடை கிழிந்து நாலு தையல் போட வேண்டி வந்தது. நான் மறுநாளே அங்கே போய், இரும்பு வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள் என்று டிரைவர்களுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த தடவை துரு இல்லாத புதுக் கம்பியாகப் பார்த்துக் கொடுத்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவை வரும்போதும் எப்போது ஆரம்பித்தது, எப்போது முடிந்தது என்று எழுதி வையுங்கள், ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் உடனே இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார் டாக்டர். நான்தான் ஆராய்ச்சிக்காரியாயிற்றே, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மூன்று கட்டம் போட்டேன். தேதி, ஆரம்பம், முடிவு. சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஆணி அடித்து நோட்டை மாட்டி, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பகலில் வந்தால் அம்மாதான் பார்க்க வேண்டும். அவளுக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் எண் எல்லாம் நன்றாக எழுதுவாள். மணி பார்ப்பாள்.

அம்மா பென்சிலைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டதே இதுதான்.

"முடிஞ்சிதுன்னு எனக்கு எப்டிடி தெரியும்?"

"கை கால் ஆடறது நின்னா முடிஞ்சிது. அப்போ மணியப் பாத்து எழுதும்மா."

இதை நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. டாக்டர்கூடச் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று சொன்னேன். அவளுக்கு எதற்கு எலெக்ட்ரோடும் திரையும் என்று நினைத்தேன். காலையில் ஒரு கூட்டத்துக்கு, அசையாவிட்டாலும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் என்று பாடம் எடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அசையாவிட்டால் முடிந்தது என்று எழுதச் சொன்னவள் நான். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நோட்டு ஒழுங்காக நிறைந்துகொண்டு வந்தது. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், இரண்டு நிமிஷம். அப்புறம் அடித்துப் போட்ட மாதிரி ஒரு மணி நேரம் தூங்குவான். எழுந்து, பசிக்குது என்பான். எங்களுக்கும் பழகிவிட்டது.

ஒரே ஒரு தடவை ஐந்து நிமிஷத்தைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நானும் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் அவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. கொருக்குப்பேட்டை ஆள் யாரைக் கேட்டாலும் கேட் மூடியிருந்த கதை ஒன்று வைத்திருப்பார்கள். பிரசவ வலி, பரீட்சை, கல்யாண முகூர்த்தம், எல்லாம் அந்தக் கட்டைக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கின்றன. அன்றைக்கு ஒரு கூட்ஸ் வண்டி வந்து, பாதி போய், அப்படியே நின்றுகொண்டது. நான் இறங்கிப் போய்க் கத்தினேன். யாரிடம் கத்துவது? அறுபது பெட்டி கரியிடமா? திரும்பி வந்து பார்த்தால் ஆட்டோவிலேயே அவனுக்கு நின்றுவிட்டது. கண் திறந்து, சுற்றி நிற்கிற சைக்கிள்காரர்களையும் எட்டிப் பார்க்கிற பெண்களையும் பார்த்தான். லுங்கி நனைந்திருந்தது. அம்மா தன் முந்தானையை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

அப்போது திருவொற்றியூரிலிருந்து ஒரு பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்த நேரம். வலிப்பு விஷயம் அவர்களுக்குத் தெரியாது. அதை மறைத்தது சரியா தப்பா என்று இப்போது நியாயம் பேசி என்ன? ஒரு வாரத்தில் அங்கேயிருந்து பேச்சு நின்றுபோனது. கேட்டில் நின்றவர்களில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் என்னிடம் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினான்.

"நின்னுட்டா வுட்டுடு. இன்னொரு தபா என்னைய ரோட்ல தூக்கினு போனே, நான் வூட்டுக்கே வர மாட்டேன், சொல்ட்டேன்."

நான் சரி என்றேன். தலையைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னான், செய்தேன்.

அதற்குப் பிறகு அவன் மாத்திரையிலும் விளையாட ஆரம்பித்தான். அது போட்டால் தூக்கம் தூக்கமாக வருகிறது, ஒரு லாரி நம்பரை மாற்றிச் சொல்லிவிட்டேன், டிரைவர்கள் சிரிக்கிறார்கள் என்று ஒரு நாள் புலம்பினான். இரண்டு நாள் பொறுத்துக்கொள், உடம்பு பழகிவிடும் என்றேன். சரி சரி என்றான். அந்தச் சரியின் லட்சணம் துணி துவைக்கும்போது தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து நாலைந்து மாத்திரை கரைந்து பிசுபிசு என்று அம்மா கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அம்மா அழுதாள். நான் கத்தினேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். படிக்காதவன் என்று சொல்லவும் முடியாது, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லியிருந்தேன். சின்ன வலிப்புகள்தானே என்பான். நின்றுவிடுகிறதே என்பான்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலையே அந்த நிற்பது பற்றியதுதான். ஒரே மாதிரித் துண்டுகளை வரிசையாக வைத்து, வலிப்பைக் கிளப்பிவிட்டு, ஒன்றைச் சீக்கிரம் மருந்து கொடுத்து நிறுத்துவது, அடுத்ததை இன்னும் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துவது, அதற்கடுத்ததை இன்னும் ஓடவிடுவது. மறுநாள் ஒரு சாயத்தை ஊற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செத்த செல்கள் மட்டும் சிவப்பாக ஒளிரும், உயிரோடு இருப்பவை தெரியாது. உட்கார்ந்து சிவப்புப் புள்ளிகளை எண்ண வேண்டும். சீக்கிரம் நிறுத்திய துண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். நேரம் ஆக ஆக, புது ஞாபகங்களைப் பதிந்து வைக்கிற பகுதியில் சிவப்பு வரிசை கட்டிக்கொண்டு நிற்கும். இன்னொன்றும் பார்த்தேன். சீக்கிரம் கொடுத்தால் பட்டென்று நிறுத்துகிற அதே மருந்து, தாமதித்துக் கொடுத்தால் எடுபடாது. நேரம் போகப் போக வலிப்பு தானாகவே தன்னை வளர்த்துக்கொள்ளும்.

இந்த இரண்டு வரியைக் கண்டுகொள்ள எனக்கு எத்தனை மாதம் ஆனது என்று கேட்காதீர்கள். துண்டுகளை இன்குபேட்டரில் பன்னிரண்டு நாள் குழந்தை மாதிரி வளர்க்க வேண்டும். பத்தாவது நாள் கரண்ட் போகும், ஜெனரேட்டர் கிளம்பாது. இன்னொரு முறை ஒரு மூலையில் பூஞ்சை வந்து எல்லாத் தட்டையும் தின்னும். எல்லாம் நன்றாக இருந்தால் திரவத்தில் விடுகிற வாயு சிலிண்டர் தீர்ந்துபோயிருக்கும். அது எங்கள் மணலிப் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். ஏன் லேட்டு என்றால் லாரிக்காரர், கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிக்கொண்டோம் மேடம் என்பார். நான் காலையில் எந்தக் கேட்டைத் திட்டிக்கொண்டே தாண்டி வந்தேனோ அதே கேட், எனக்குப் பின்னாலேயே வந்து என் துண்டுகளையும் சாகடித்துவிடும்.

அந்த நாளுக்கு வருகிறேன். சுற்றி வளைத்தது போதும்.

காலை ஏழு மணி. அம்மாவுக்கு அன்று இறால் வரத்து இல்லை, வீட்டில் இருந்தாள். நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அன்று என் துண்டுகளுக்குப் பன்னிரண்டாவது நாள். அன்று விட்டால் அந்தத் தொகுதியே வீண், மறுபடி முதலிலிருந்து. அண்ணன் பல் துலக்கிக்கொண்டே விழுந்தான். ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அம்மா கடிகாரத்தைப் பார்த்து ஏழு பத்து என்று எழுதினாள். ஆடியது, ஆடியது, நிற்கவில்லை. ஏழு பதினைந்து ஆனதும், ஆட்டோ கூப்பிடட்டுமா என்றாள் அம்மா. கேட் மூடியிருக்கிற மணி அடித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. இரு, பார்க்கலாம் என்றேன். ஏழு பதினெட்டுக்கு ஆட்டம் குறைந்து, குறைந்து, நின்றுவிட்டது. கைகால் தளர்ந்தது. நான் பெருமூச்சு விட்டேன்.

அம்மா எழுதவில்லை. பென்சிலைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு ஒரு பக்கமாவே கீதேடி."

"அசதிம்மா. தூங்கட்டும். நீ மணிய எழுது."

அவள் என்னைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், எழுதினாள். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமே என்று மெதுவாக இழுத்தாள். எட்டு நிமிஷம் ஆகியிருக்கிறது, டாக்டர் ஐந்து என்றுதான் சொன்னார், எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நின்றுவிட்டதே. கேட் மூடியிருக்கிறதே. சத்தியம் செய்திருக்கிறேனே. பன்னிரண்டாவது நாள் ஆயிற்றே. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, எழுந்ததும் மாத்திரையை உன் கண் முன்னாலேயே விழுங்க வை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாசலில் திரும்பிப் பார்த்தேன். ஓரக்கண்ணால் சுவரைப் பார்க்கிறவன் மாதிரிப் படுத்திருந்தான். உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது. கொசு உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஆய்வுக்கூடத்தில் அன்று எல்லாமே அதிசயமாக ஒழுங்காக இருந்தது. கரண்ட் இருந்தது, வாயு இருந்தது, துண்டுகள் சுத்தமாக இருந்தன. முதல் துண்டை வைத்து, திரவத்தை மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் திரையில் கோடு பாய ஆரம்பித்தது. பதினொரு மணி இருக்கும், போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். தெருமுனைக் கடையில் இருக்கிற ஒரு ரூபாய் போனிலிருந்து அம்மா. அவள் அதற்கு முன்பு ஒரு தடவைகூட எனக்குப் போன் செய்ததில்லை.

"அவன் இன்னும் அந்தப் பக்கமே பாத்துகினு கீறான். கூப்ட்டா திரும்ப மாட்டேங்கிறான். நீ தூக்கம்னு சொல்ட்டுப் பூட்ட. தூங்கறவன் வாயி இப்டி மென்னுகினேவா இருக்கும்?"

போனை மேஜைக்கு இழுத்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். எதிரே தட்டு. தட்டில் துண்டு வெளுப்பாக, சும்மா கிடந்தது. பக்கத்தில் திரை கறுப்பாக அடைத்துக்கொண்டிருந்தது. வருகிற போகிறவர்களுக்கெல்லாம் நான் காட்டுகிற அதே காட்சி. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அந்தப் பக்கம் அலோ அலோ என்கிறாள். காசு தீர்ந்துவிடும் என்ற பயத்தில் வேகமாகக் கூப்பிடுகிறாள்.

இப்போதே ஆட்டோ பிடி, கேட் மூடியிருந்தால் சுற்றிப் போ, பெரிய ஆஸ்பத்திரியில் போய், காலையிலிருந்து ஃபிட்ஸ் நிற்கவில்லை என்று சொல், நின்றுவிட்டது என்று சொல்லாதே, நிற்கவில்லை என்று சொல் என்று கத்தினேன். அவள், நிக்கலையா, நீதானே எழுதச் சொன்ன என்றாள். அதற்குள் லைன் போய்விட்டது.

நான் செருப்புகூட மாற்றாமல் ஓடினேன். இரண்டு பஸ். முதல் பஸ்ஸில் உட்கார்ந்து, ஏழு பத்திலிருந்து விரல் விட்டு எண்ணினேன். நாலு மணி நேரம். என் சோதனையில் அவ்வளவு நேரத்துக்குக் கட்டமே கிடையாது. அவ்வளவு தூரம் ஓடவிட எனக்கு மனம் வந்ததில்லை, ஒரு எலித் துண்டைக்கூட.

அம்மா கேட்டைச் சுற்றிக்கொண்டு போய் அவனைச் சேர்த்திருந்தாள். நான் போனபோது இரண்டாவது ஊசி போட்டிருந்தார்கள். வலிப்பு அதற்கும் கேட்கவில்லை. தலையில் ஒயர்களை ஒட்டி ஒரு மிஷினைப் பக்கத்தில் வைத்தார்கள். காகிதத்தில் முள் அடித்துக்கொண்டு போவதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, டாக்டர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் அசையாமல் படுத்திருந்தான். காகிதம் கறுப்பாக அடைத்துக்கொண்டு வந்தது. கடைசியில் மயக்க மருந்து கொடுத்து, குழாய் போட்டுத்தான் அதை அடக்க முடிந்தது. அப்போது சாயங்காலம் ஆகிவிட்டது. டாக்டர் எங்களைத் திட்டவில்லை. வெளியே இழுக்கிறது நின்றால் உள்ளேயும் நின்றுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்மா, உங்களைக் குற்றம் சொல்ல முடியாது, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். அவர் பளாரென்று ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினேன். கூட வேலை செய்கிறவள் ஆசையாக ஒரு படத்தைக் கொண்டு வந்து காட்டினாள். அன்று நான் போனைப் போட்டுவிட்டு ஓடியபோது, துண்டு அப்படியே மெக்னீசியம் இல்லாத திரவத்தில் கிடந்திருக்கிறது. மருந்து ஊற்ற ஆளில்லை. அவள் மத்தியானம் அந்தப் பக்கம் போய்ப் பார்த்து, வீணாக்க வேண்டாமே என்று நேரத்தைக் குறித்து, நிறுத்தி, மறுநாள் சாயம் போட்டுப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். நம்மிடம் இவ்வளவு நீண்ட நேரத்துக்குத் துண்டே இல்லை, நல்ல முடிவு கிடைத்திருக்கிறது என்றாள். பாவம், அவளுக்கு விவரம் தெரியாது. ஞாபகத்துக்கான பகுதி முழுக்கச் சிவப்பு. எண்ணவே முடியவில்லை. என் ஆய்வேட்டில் அந்தப் படம் இருக்கிறது. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர்கள் அந்தப் படத்தைத்தான் ரொம்பப் பாராட்டினார்கள்.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். நடக்கிறான், சாப்பிடுகிறான், கோபப்படுகிறான், சிரிக்கிறான். பார்க்க வருகிறவர்கள், ஒன்றும் ஆகவில்லையே, நல்லாத்தானே இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவனிடம் பழைய லாரி நம்பர் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள், காலி எடையைப் பட்டென்று சொல்லுவான். உடைந்த விளக்கு எந்தப் பக்கம் என்றும் சொல்லுவான். அந்த லாரியையே உடைத்து இரும்பு விலைக்குப் போட்டிருப்பார்கள், அவனிடம் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கப்புறம் வந்த ஒரு வண்டியும் அவனுக்குத் தெரியாது. எடை மேடையில் ஒரு மாதம் வைத்துப் பார்த்தார்கள். ஒரே வண்டியை மூன்று முறை ஏற்றச் சொல்லியிருக்கிறான். முதலாளி நல்லவர், அவரே வீட்டுக்கு வந்து, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில் இருக்காது. ஆனால் மாத்திரையை மட்டும் இப்போது ஒழுங்காகப் போடுகிறான், ஏன் போடக் கூடாது என்று நினைத்தான் என்பதே அவனுக்கு நினைவில்லை.

அதற்கப்புறமும் அவனுக்குச் சின்ன வலிப்புகள் வந்தன. நோட்டை நான் தூக்கி எறிய நினைத்தேன், அம்மா விடவில்லை. அவளே எழுதினாள். ஆனால் என் கணக்கில் எழுதவில்லை. ஒரு முறை லீவு நாளில் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆட்டம் நின்றது. அம்மா பென்சிலைத் தொடவில்லை. அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, நைனா, அந்தப் பச்ச லாரி கீதே, காலி வெயிட்டு இன்னா என்று கேட்டாள். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும். ஐந்தாறு தடவை கேட்ட பிறகு அவன் கண் அவள் பக்கம் திரும்பியது. குழறலாக எடையைச் சொன்னான். சரியாகச் சொன்னான். அதற்கப்புறம்தான் அவள் எழுந்து போய், மணியைப் பார்த்து, முடிவு என்ற கட்டத்தில் எழுதினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பின்னால் டாக்டரிடம் இதைச் சொன்னபோது, இதைவிடச் சரியான வழி வீட்டில் கிடையாது என்றார். நான் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

ரொம்ப நாள் கழித்து, வேறு ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காகப் பழைய விவரமெல்லாம் கேட்டார்கள். ஒரு காலை வேளையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து நல்ல தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நாளின் வரி வந்தது. ஆரம்பம் ஏழு பத்து. முடிவுக் கட்டத்தில் ஒன்றும் இல்லை. ஏழு பதினெட்டு இருந்த இடத்தை ரப்பரால் அழித்திருந்தாள், காகிதம் தேய்ந்து பின்பக்கம் தெரிந்தது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து நிறுத்தினார்களே, அந்த மணியையாவது எழுத வேண்டும், அன்றைக்கு எத்தனை மணிக்கு முடிந்தது என்று கேட்டேன்.

முறத்தை நிறுத்திவிட்டு அண்ணன் பக்கம் பார்த்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கடி முடிஞ்சிது?" என்றாள்.

அண்ணன் என்னை அப்போதுதான் பார்க்கிறவன் மாதிரி நிமிர்ந்தான். இன்னாடி, இன்னிக்கு வேலைக்குப் போவலயா என்று கேட்டான். அன்று காலையிலிருந்து அது நாலாவது தடவை. லீவுண்ணா என்றேன். அப்டியா, சொல்லவே இல்ல என்றான். நான் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.